உங்கள் காரின் பிரேக்கைக் கழற்றிப் பார்த்தேன்

அன்புள்ள என்னங்க,

இத்தனை வருடக் குடித்தனத்தில் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீங்கள் போன பிறகு புதிதாக ஆரம்பிப்பானேன்? அதனால் இதிலும் 'என்னங்க'தான்.

போன வாரம் சதாசிவம் வந்திருந்தார். உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளி, உயிர் நண்பர், பழைய கார் வைத்திருப்பவர்கள் சங்கத்தின் செயலாளர். சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். அதில் உங்கள் நினைவாக ஒரு பக்கமாம். "போட்டோ எங்ககிட்டயே இருக்கு சிஸ்டர். நீங்க உருக்கமா ரெண்டு வரி எழுதிக் குடுத்தாப் போதும். கார் மேல அவனுக்கு இருந்த லவ்வு இருக்கே, அதைப் பத்தி" என்றார். எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது. இரண்டு வரியில் அடங்கவில்லை. மலரில் இதைப் போடும் தைரியம் அவருக்கு இருக்காது என்று தெரியும். அவர் போடாவிட்டால் வேறு பத்திரிகைக்கு அனுப்புவேன்.

லவ்வாம். அந்த லவ்வின் லட்சணத்தைத்தான் ஒரு வருடமாக வாசலில் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.

படிப்பவர்களுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும் இல்லையா? பெங்களூர் கன்டோன்மென்ட்டில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியப் பெரியவர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகும்போது தள்ளிவிட்டுப் போன கார் அது. இங்கிலாந்தில் செய்தது. இரண்டே சீட்டு. தலைக்கு மேல் மடக்குகிற துணி, அதுவும் கிழிசல். ஸ்போர்ட்ஸ் கார் என்று நீங்கள் சொன்னீர்கள். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஜீவனஹள்ளி வரை வந்த காரை அப்படிச் சொல்ல உங்களால்தான் முடியும். நம் வீட்டு முன்வாசலை அது அடைத்துக்கொண்டது. என் துணிக்கொடி மொட்டை மாடிக்குப் போனது. ஈரத் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு நான் மாடிப்படி ஏறும்போது, நீங்களும் சதாசிவமும் இன்னும் இரண்டு பேரும் அதைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு ஞாயிறு விடாமல் பேச்சு. ஒரு ஞாயிறும் வேலை இல்லை.

"ஏன் ஸ்டார்ட் ஆகல?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? "அவ இன்னிக்கு மூட்ல இல்ல ராஜி." காருக்கு மூடு! காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு பொம்மசந்திராவுக்குக் கம்பெனி பஸ் பிடிக்கிறவளுக்கு மூடு உண்டா என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறீர்களா?

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். பம்பு செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவு. மேஜைக்கு வருகிற ஒவ்வொரு சாமானையும் அளப்பேன். சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, இல்லாவிட்டால் சிவப்புச் சீட்டு. மேனேஜர் வந்து நின்று கெஞ்சினாலும் சிவப்பு சிவப்புதான். அப்படிப்பட்டவளைக் கட்டிக்கொண்ட நீங்கள், பாங்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்த அதிகாரி, வீட்டில் எதைத் தொட்டாலும் ஒரே மந்திரம்: "சொல்ப அட்ஜஸ்ட் மாடி." கன்னடத்தில் கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். குழாய் ஒழுகினால் துணி சுற்றுவீர்கள். மிக்ஸி ஜாடி உடைந்தால் எம்-சீல். தமிழில் இதற்கு ஒப்பேற்றுவது என்று பெயர். அதில் உங்களை மிஞ்ச இந்தப் பெங்களூரில் ஆள் இல்லை.

காருக்கு நீங்கள் செய்த ஒரே கவனிப்பு ஆயுத பூஜைதான். வருடம் முழுவதும் தார்ப்பாய்க்குக் கீழே எலிகளோடு கிடக்கும். பூஜைக்கு முந்தின வாரம் தார்ப்பாயை எடுத்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, காயும் முன்பே பிரஷ்ஷால் பெயின்ட் அடிப்பீர்கள். பழைய பெயின்ட்டைச் சுரண்டுவது கிடையாது, துருவைத் தேய்ப்பது கிடையாது. அதன் மேல் மஞ்சள், சந்தனம், குங்குமம், இரண்டு பக்கமும் வாழைக் கன்று, தலை சுற்றிப் பூசணிக்காய். தெருவே நின்று பார்க்கும். "சூப்பராக் கீது சார்" என்பார்கள். உங்களுக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஊற்றிய தண்ணீரெல்லாம் எங்கே போனது என்று யாருக்கும் கவலை இல்லை.

எங்கே போனது என்று நான் பார்த்தேன். சீட்டுக்குக் கீழே தரையே இல்லை. துரு அதைத் தின்றுவிட்டது. ஓட்டையை மறைக்க எண்ணெய் டின்னை வெட்டி ஆணி அடித்திருந்தீர்கள், அதன் மேல் பிளைவுட், அதன் மேல் சாப்பாட்டு மேஜையிலிருந்து கிழித்த ரெக்சின். ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித் தாள். பெட்ரோல் குழாய்க்கு சைக்கிள் ட்யூப். பெயின்ட்டைச் சுரண்டச் சுரண்ட அடியிலிருந்து ஒவ்வொரு வருடத்து நிறமும் வந்தது. அதில் ஒன்று நம் வீட்டு கேட்டுக்கு அடித்ததில் மிஞ்சிய ப்ரவுன். இங்கிலாந்துக் காருக்குக் கேட்டு பெயின்ட்! ஒரு பக்கம் சிரிப்பு வந்தது. இன்னொரு பக்கம், இந்தப் பெட்டிக்குள் என் குழந்தையை உட்கார வைத்தாரே என்று வயிறு எரிந்தது.

அங்கேதான் வர வேண்டும். எவ்வளவு சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கிறேன்.

போன வருடம் எப்படியோ இன்ஜின் ஓடிவிட்டது. ஆயுத பூஜையன்று தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தீர்கள். புகை அடங்கவே வெகுநேரம் ஆனது. அந்தக் குஷியில் மறுநாள் விஜயதசமிக் காலையில், நம் சுதாவை ஸ்டீயரிங் பிடிக்க உட்கார வைத்தீர்கள். "இன்னிக்கு எதை ஆரம்பிச்சாலும் நல்லா வரும்டா" என்றீர்கள். காலேஜில் கடைசி வருடம் படிக்கிற பெண். அதற்கு முன் அவள் ஓட்டியதெல்லாம் லூனா மொபெட். நீங்கள் இடது பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துக் கையை ஆட்டினீர்கள். நான் வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்றேன். பதிலுக்குக் கையை ஆட்டவில்லை. "சீக்கிரம் வாங்க, டிபன் ஆறிடும்" என்றேன்.

காக்ஸ் டவுன் பக்கம் இறங்குகிற சரிவில் கார் நிற்கவில்லை. கல் காம்பவுண்டுச் சுவரில் இடது பக்கமாகப் போய் மோதியது. நீங்கள் கைப்பிரேக்கை இழுத்தீர்களாம். அது கையோடு வந்துவிட்டதாம். பிற்பாடு பார்த்தேன். அறுந்த கம்பிக்குப் பதிலாக நைலான் கயிறு கட்டி வைத்திருந்தீர்கள். என் பழைய துணிக்கொடிக் கயிறு. சுதாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. உங்களை ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோனார்கள், வெளியே வந்து உதட்டைப் பிதுக்கினார்கள்.

காரியம் முடிவதற்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது. முதலில் உங்கள் அக்கா. கூடத்தில் நாலு பேர் நடுவே, சுதா உள்ளறையில் படுத்திருப்பது தெரிந்தும், "பொட்டப்புள்ள கைல குடுத்தான், போய்ச் சேந்துட்டான். பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலேட்டரை மிதிச்சிருக்கும்" என்றார். அதற்கு சதாசிவம் தலையை ஆட்டினார். "பிரேக் நல்லாத்தான்மா இருந்துச்சு. முந்தின நாள் நானே மிதிச்சுப் பாத்தேன். கல்லு மாதிரி இருந்துச்சு" என்றார். சாட்சியே சொல்லிவிட்டார். அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்?

சுதா அதை நம்பிவிட்டாள். அழவில்லை, கத்தவில்லை, நம்பிவிட்டாள். மணிக்கட்டு சேர்ந்த பிறகும் காலேஜுக்குப் போகவில்லை. ஆட்டோவில் ஏற மாட்டாள். வாசல் வழியாக வர வேண்டுமென்றால் காரைப் பார்க்காமல் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு வருவாள். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள், "அம்மா, என் மேல உனக்குக் கோவமே வரலியா?" என்று. கையிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாய்க்குப் போகவே இல்லை. அவள் கேட்டதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

அவள் காலைத் தப்பாக வைக்கிற பெண் இல்லை. லூனாவில் என்னை உட்கார வைத்து சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குள் ஓட்டியவள். அம்மா என்கிற பாசத்தில் சொல்லவில்லை. பரிசோதனை செய்கிறவளாகச் சொல்கிறேன். யாரோ ஒருவர் வாயால் சொன்னதை வைத்து நான் எதற்கும் சீட்டு ஒட்டியதில்லை. கழற்றிப் பார்க்காமல் எப்படிச் சொல்வது?

உங்கள் அக்கா காரைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார், தரித்திரமாம். சதாசிவம் நினைவுச் சின்னமாகத் தன் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்றார். இரண்டு பேருக்கும் முடியாது என்று சொல்லிவிட்டேன். நானே சரி செய்யப் போகிறேன் என்றதும் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. "புருஷன் மேல எவ்ளோ பிரியம் பாரு" என்றார்கள். மறுக்கவில்லை. மகளைப் பைத்தியமாக்காமல் இருக்கத்தான் ஸ்பானரைத் தூக்கினேன் என்று அவர்களிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது?

எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது என்று பெருமை அடிக்கவில்லை. நசுங்கிய மட்கார்டை நானே தட்டி நிமிர்த்தப் போய் இன்னும் கோணலாக்கினேன். டிங்கரிங் செய்பவர் வந்து பார்த்துவிட்டு, "மேடம், இது பம்பு இல்ல, விட்டுடுங்க" என்று சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டார். கார்புரேட்டரைக் கழற்றிப் பூட்டியதில் வாசலெல்லாம் பெட்ரோல். ஜே.சி. ரோட்டு உதிரிச் சாமான் கடைகளில் கேட்கப் போனால், "உங்க ஹஸ்பண்டை அனுப்புங்க மேடம், அவருக்குப் புரியும்" என்றார் ஒரு கடைக்காரர். "அவருக்குப் புரியாததாலதான் நான் வந்திருக்கேன்" என்றேன்.

பிரேக்கை வேண்டுமென்றே முதலில் தொடவில்லை. பயம். அக்கா சொன்னதுதான் உண்மை என்று இருந்துவிட்டால்? எல்லாம் சரியாக இருந்து, பச்சைச் சீட்டு ஒட்ட வேண்டி வந்துவிட்டால்? அப்புறம் அந்தக் குழந்தையிடம் நான் என்ன பேசுவேன்? தரையைப் பிரித்தேன், கதவைப் பிரித்தேன், சீட்டைப் பிரித்தேன். பிரிக்க வேறு எதுவும் மிச்சமில்லை என்ற பிறகுதான் அதற்கு வந்தேன்.

பெடலை மிதித்தால் எண்ணெயைத் தள்ளிச் சக்கரத்துக்கு அனுப்புகிற ஒரு சிறிய உருளை இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டர் என்பார்கள். அதன் மேலிருக்கும் மூடியைக் கையால் திறந்தேன். உள்ளே மூக்கை வைத்தேன். தாழம்பூ வாசனை.

நம் பூஜை அலமாரி வாசனை. வெள்ளிக்கிழமை விளக்குக்கு ஊற்றுவோமே, மளிகைக் கடையில் வாசனை கலந்து பாட்டிலில் விற்பார்களே, அந்த எண்ணெய். காருக்குள்.

உள்ளே இருந்ததை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டாகப் பிரிந்தது. அடியில் கொஞ்சம் பிரேக் ஆயில், அதற்கு மேலே விளக்கெரிக்கும் எண்ணெய். சிலிண்டரைக் கழற்றினேன். உள்ளே அழுத்தத்தைப் பிடித்து நிறுத்த வேண்டிய ரப்பர் ஊறிப்போய், வீங்கி, விளிம்பு திரும்பிக் கிடந்தது. விரலால் அழுத்தினால் குழைந்தது. விபத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் ஊறியதால் இப்படி ஆனதா, பூஜைக்கும் விஜயதசமிக்கும் நடுவே அந்த ஒரே ராத்திரியில் ஆனதா என்று உடனே ஒரு சந்தேகம் வந்தது. நான் என்னையே நம்பாதவள். ஜே.சி. ரோட்டிலிருந்து அதே அளவில் புது ரப்பர் வாங்கி வந்து, கம்பெனியில் ஒரு முறை அளந்து, வீட்டில் அதே எண்ணெயில் போட்டு மூடி வைத்தேன். மறுநாள் எடுத்து அளந்தேன். புது ரப்பரே சிலிண்டருக்குள் நுழைய மறுக்கிற அளவுக்குப் பருத்திருந்தது. உங்கள் காரில் இருந்ததோ நாற்பது வருடத்துக் கிழட்டு ரப்பர். அது என்ன பாடுபட்டிருக்கும்?

சிவப்புச் சீட்டு. என் வாழ்க்கையில் ஒரு சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டுச் சந்தோஷத்தில் அழுதது அன்றுதான்.

முந்தின நாள் பெடலை மிதித்துப் பார்த்தது சதாசிவம்தானே, அவரைக் கூப்பிட்டுக் காபி கொடுத்தேன். "ஆயுத பூஜையன்னிக்கு பிரேக்ல என்ன ஊத்தினீங்க?" என்று கேட்டேன். மனிதர் கொஞ்சமும் பதறவில்லை. சாவகாசமாகச் சொன்னார். "அதுவா சிஸ்டர்? பெடல் கீழ போகுதுடான்னான். திறந்து பாத்தா ஆயில் கம்மி. கடையெல்லாம் பூஜைன்னு மூடிட்டான். கழட்டலாம்னா ஸ்பானர் எல்லாம் சாமி முன்னாடி வச்சாச்சு, அன்னிக்கு எடுக்கக் கூடாதே. விளக்கு எண்ணெய் பக்கத்துலதான் இருந்துச்சு. எண்ணெய் எண்ணெய்தானே, சொல்ப அட்ஜஸ்ட் மாடுன்னு நான்தான்..."

அந்த 'நான்தான்' வந்ததும் நிறுத்திக்கொண்டார். காபியைக் கீழே வைத்தார்.

அது ஊற்றியதும் பெடல் கெட்டியாகிவிட்டதாம். கல் மாதிரி. அதைத்தான் நாலு பேர் நடுவே சாட்சி சொல்லியிருக்கிறார். பொய் சொல்லவில்லை பாருங்கள், அதுதான் இன்னும் கேவலம். பொய்யனாக இருந்தால் ஒரு மரியாதையாவது வந்திருக்கும். ஒரு வருடமாக வாரா வாரம் வந்து, வாடிப்போன என் மகள் கையால் காபி வாங்கிக் குடித்துவிட்டு, ஒரு தடவைகூட அந்த மண்டைக்குள் அது உறைக்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சாமிக்கு வைத்த ஸ்பானரைத் தொட்டால் பாவம் என்று பயந்தீர்கள். பெற்ற பெண்ணை ஏற்றிச் சரிவில் இறக்கப் பயப்படவில்லை. அந்தச் சாமி கேட்டதா, ஸ்பானரைத் தொடாதே என்று?

"இதை சுதாகிட்ட சொல்லுங்க. அக்காகிட்ட சொல்லுங்க" என்றேன். வேர்த்துவிட்டது அவருக்கு. "எதுக்கு சிஸ்டர்? போனவன் பேரு கெட்டுடும்" என்றார். போனவன் பேர்! இருக்கிறவள் உயிர் போய்க்கொண்டிருக்கிறது. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். நடுவில் சில வாரம் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு மலருக்கு உருக்கமாக இரண்டு வரி கேட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் வந்து நிற்கிறார். இதோ சார், உருக்கம்.

சுதாவிடம் நானே சொன்னேன். டம்ளரைக் காட்டினேன், பருத்த ரப்பரைக் காட்டினேன், புதியதைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கம்பெனியில் இவ்வளவு சாட்சி வைத்தால் எவனும் வாயைத் திறக்க மாட்டான். அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு சொன்னாள், "போதும்மா. அப்பா மேல பழி போடாதே. ஓட்டினது நான்தானே? செத்தவருக்கு எதுக்கும்மா சிவப்புச் சீட்டு ஒட்டறே?" அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தோற்றுவிட்டேன். அவ்வளவு அளந்தும் தோற்றேன். நீங்கள் முட்டாள் என்று ஒப்புக்கொள்வதைவிடத் தான் கொலைகாரி என்று இருந்துவிடுவது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அப்படி என்னங்க செய்துவிட்டீர்கள் அவளுக்கு? ஸ்கூல் வாசலில் ஐஸ் வாங்கிக் கொடுத்ததும், கணக்கில் குறைந்த மார்க்குக்கு எனக்குத் தெரியாமல் கையெழுத்துப் போட்டதும்தானே? கண்டித்தது, காய்ச்சலுக்குக் கஷாயம் போட்டது, ஃபீஸ் கட்டியது எல்லாம் நான். அன்றைக்கு உங்கள் போட்டோவைப் பார்த்து நான் பேசிய பேச்சை மலரில் போட முடியாது.

அதன் பிறகு அவளிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. வேலையைப் பார்த்தேன். பிரேக் முழுவதையும் புதிதாகப் பூட்டினேன். சிலிண்டர், குழாய், நாலு சக்கரத்து ரப்பர், கைப்பிரேக்குக்கு நிஜமான கம்பி. கடைசியில் ஒரு வேலை மிஞ்சியது. குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும், ஏர் எடுப்பது என்பார்கள். அதை ஒருவரால் செய்ய முடியாது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்து, திருகைத் திறந்து காற்றை விட்டு மூட வேண்டும்.

போன மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் சுதாவைக் கூப்பிட்டேன். "கார் ஓடாதுடி. கட்டை மேல நிக்குது, சக்கரமே மாட்டல. நீ சும்மா உக்காந்து மிதிச்சாப் போதும்" என்றேன். நான் போய்க் காருக்குக் கீழே படுத்துக்கொண்டேன். வா என்றும் சொல்லவில்லை, எழுந்தும் வரவில்லை. பிடிவாதத்தில் அவள் என் மகள்தான், ஆனால் நான் அவள் அம்மா. வெகு நேரம் கழித்து அவள் செருப்பு என் தலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சீட்டு அமுங்கியது.

"மிதி" என்றேன்.

"மிதிச்சிட்டேன்."

"அப்படியே பிடி. விடாதே." திறந்து மூடினேன். "இப்ப விடு. மறுபடி மிதி."

ஒவ்வொரு சக்கரத்து இடமாக நகர்ந்து நகர்ந்து போனேன். முதலில் குமிழி குமிழியாக வந்தது. பிறகு குறைந்தது. கடைசி இடத்தில் சுத்தமாக எண்ணெய் மட்டும் வந்தது. முடுக்கினேன்.

"அம்மா."

"என்ன?"

"இறங்க மாட்டேங்குது."

"இறங்கக் கூடாது. அதுக்குப் பேர்தான் பிரேக்கு."

பெடல் மிதிபடும் சத்தம். மறுபடி. மறுபடி. நான் சொல்லாமலே மிதித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு இப்படி இல்லம்மா."

நான் கீழேயே கிடந்தேன். "எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"ஒண்ணுமே இல்லம்மா. கால் நேரா தரைக்குப் போச்சு. நான்தான் தப்பா வச்சிட்டேன்னு எடுத்து எடுத்து வச்சேன். எல்லாத் தடவையும் தரைக்குத்தான் போச்சு. இது மாதிரி எதுவுமே கால்ல படலம்மா."

"அப்ப நீ பிரேக்கைத்தான் மிதிச்சே."

"மிதிச்சேம்மா. மிதிச்சிட்டே இருந்தேன்."

பிறகு அழுதாள். இத்தனை நாள் வராத அழுகை. ஸ்டீயரிங் மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். நான் வெளியே ஊர்ந்து வந்து, முகமெல்லாம் கிரீஸோடு, கதவுப் பக்கம் நின்றேன். தொடலாமா வேண்டாமா என்று தெரியவில்லை, கை அவ்வளவு அழுக்கு. அவள் நிமிர்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு கத்தினாள்.

"லூசாம்மா அவரு? பிரேக்ல போய் யாராவது விளக்கு எண்ணெய் ஊத்துவாங்களா? படிச்ச மனுஷன்தானே? முட்டாள்! சரியான முட்டாள் அப்பா!"

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இருபது வருடமாக நான் உங்களைத் திட்டும்போதெல்லாம் உங்கள் பக்கம் போய் நின்றவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. எனக்கு எப்படி இருந்திருக்க வேண்டும்? ஜெயித்துவிட்டேன் என்று இருந்திருக்க வேண்டாமா? என் தொண்டை வரைக்கும் என்ன வந்தது தெரியுமா? 'அப்பாவை அப்படிச் சொல்லாதடி' என்று வந்தது. உங்களுக்காக! விழுங்கிவிட்டேன். அவள் திட்டட்டும். திட்டத் திட்டத்தான் அவள் முகத்துக்கு ரத்தம் வந்தது.

அன்று இரவு மூன்று தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஒவ்வொரு தோசைக்கும் நடுவே உங்களை ஒரு பாட்டம் திட்டினாள். கைப்பிரேக்குக் கயிற்றைப் பற்றிச் சொன்னேன். அதற்கு ஒரு பாட்டம். சிகரெட் தாளைப் பற்றிச் சொன்னேன். சிரித்துவிட்டாள். மறுநாள் காலேஜுக்குப் போய் என்ன எழுதிக் கொடுத்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள் என்று விசாரித்துவிட்டு வந்தாள். ஆட்டோவில் போய் ஆட்டோவில் வந்தாள். உங்கள் அக்கா வந்தபோது அவளே நேராகப் போய், "அத்தை, நான் பிரேக்கைத்தான் மிதிச்சேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஊரெல்லாம் ஒரே பேச்சு, இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடுமாம். சுதாவின் சிநேகிதிகளுக்கெல்லாம் அதைச் சரி செய்கிற வேலையே கிடைத்திருக்கிறது. ஜீவனஹள்ளியில் நாலு வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்கள். காருக்கு முறையாகச் சுரண்டி, ப்ரைமர் அடித்து, கரும்பச்சை அடித்திருக்கிறோம். நிறத்தைத் தேர்ந்தெடுத்தது சுதா. அழகாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். இது இப்படி இருக்கும் என்று உங்கள் மனதுக்குள் எப்போதும் தெரிந்துதான் அதைக் கட்டி அழுதீர்கள் என்றால், அந்த ஒன்றில் உங்கள் கண் சரி. கைதான் உருப்படாத கை.

நீங்கள் முட்டாள். அதில் எனக்கு இனிச் சந்தேகம் இல்லை. நீங்கள் இல்லாமல் இந்த வீடு நன்றாக இல்லை. அதிலும் சந்தேகம் இல்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. எந்தச் சீட்டை ஒட்டட்டும் உங்களுக்கு?

இனி நான் வாக்குக் கொடுக்க வேண்டிய இடம். கேட்டுக்கொள்ளுங்கள். வருகிற விஜயதசமிக் காலையில் சுதா ஓட்டுவாள். நீங்கள் உட்கார்ந்திருந்த இடது சீட்டில் நான் உட்காருவேன். அந்தச் சரிவில் பாதியில் நிறுத்தச் சொல்வேன். நிற்கும். நின்றதும் இரண்டு பேரும் இறங்கி, அந்தச் சுவருக்கு எதிரே நின்று உங்களைத் திட்டுவோம். அவள் ஓய்ந்தால் நான், நான் ஓய்ந்தால் அவள். திரும்பி வரும்போது நான் அழுதாலும் அழுவேன். அவளுக்குத் தெரியாது. ஓட்டுகிறவள் ரோட்டைத்தான் பார்க்க வேண்டும், பக்கத்தில் பார்க்கக் கூடாது என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.

கோபம் தீராத, தீர்த்துக்கொள்ள மனமும் இல்லாத,
உங்கள் வீட்டுக்காரி,
சுதாவின் அம்மா
ராஜேஸ்வரி